பயணிகள் ஏறாத பெட்டி

அந்த ரயில் பெட்டியின் கூரையை நான் நெம்பிக் கழற்றியது, கார் நிக்கோபார் போகவேண்டிய கப்பல் மறுபடியும் ரத்தான ஒரு நாளின் சாயங்காலம். தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் எனக்கு வேலை. அன்று காலையிலிருந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். கடல் சரியில்லை என்று நான் சொன்னால், அதை நான்தான் கலக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பதுபோல் பார்த்தார்கள். ஒருவர் வேலையில் சேரவேண்டிய உத்தரவைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்துக் காட்டினார். ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். நான் ஒரே வாக்கியத்தைத் தமிழிலும் இந்தியிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து, குளித்து, டீ போட்டேன். அதைக் குடிக்க உட்கார முடியவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். கைக்கு ஏதாவது வேண்டும் என்று தோன்றியது. அலமாரியைத் திறந்து அந்த உடைந்த பெட்டியை எடுத்தேன்.

அந்தமானில் ரயில் கிடையாது. என் வீட்டில் மட்டும் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் வாஷிங் மெஷின் கதையைச் சொல்வேன். மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போகிற அதிகாரிகள் வீட்டுச் சாமான்களைக் கப்பலில் ஏற்ற மலைத்துப்போய் இங்கேயே விற்றுவிடுவார்கள். அப்படி ஒரு வீட்டில் வாஷிங் மெஷின் பார்க்கப் போனேன். எனக்கு முன்னால் யாரோ அதை எடுத்துப் போய்விட்டார்கள். காலியான ஹாலின் தரையில் ஒரு ரயில் வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தது. சாவி கொடுக்கிற பொம்மை இல்லை. நிஜ ரயிலை அளவெடுத்து, ஜன்னல், படிக்கட்டு, சக்கரத்தின் ஆரம் வரைக்கும் சுருக்கிச் செய்த மாடல். ஒரு எஞ்சின், மூன்று பயணிகள் பெட்டி, இரண்டு சரக்குப் பெட்டி. நான் அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

"இது துணி துவைக்குமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆனால் அன்று ராச்சாப்பாடு முடிந்ததும் அவர்தான் சாப்பாட்டு மேசையைக் காலி செய்து, தண்டவாளத்தைப் பொருத்திக் கொடுத்தார். அதற்குப் பிறகு மேசை ரயிலுக்கே ஆகிப்போனது. மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். அவர் மாதத்தில் பாதி நாளுக்கு மேல் வெளியில். நான் ஒருத்தி தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

மூன்று பயணிகள் பெட்டியில் ஒன்று ஆரம்பத்திலேயே முனை விரிந்திருந்தது. மற்ற பெட்டியோடு மாட்டும் கொக்கியும் உடைந்துபோயிருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தேன். ஒருநாள் போனில் ஒரு வீடியோவில், ஒரு வெளிநாட்டுக்காரர் தன் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து இப்படி ஒரு பழைய பெட்டியை, தண்டவாளம் பழுதுபார்க்கிற ஆட்கள் தங்கும் வண்டியாக மாற்றுவதைப் பார்த்தேன். உள்ளேயே சமையல், உள்ளேயே படுக்கை, கருவிகள் வைக்க ஒரு பக்கம். வேலை எங்கே நடக்கிறதோ அங்கே இந்த வண்டியும் நகர்ந்து போய் நிற்கும். நம் ரயில்வேயிலும் ஓடி ஓய்ந்த பெட்டிகளை அப்படி மாற்றுவது உண்டாம். எனக்கு உடனே பிடித்துவிட்டது. அந்தப் பெட்டியில் ஏற யாரும் என்னிடம் டிக்கெட் கேட்கப்போவதில்லை.

கூரை கழன்றதும் உள்ளே இருந்த இருக்கைகள் ஒரே துண்டாக வெளியே வந்தன. வரிசை வரிசையாக, பச்சை நிறத்தில், பல் வரிசை மாதிரி. அதைத் தனியாக வைத்துவிட்டு வெற்றுக் கூட்டைப் பார்த்தேன். அத்தனை ஜன்னல்கள் தேவையில்லை. கருவிகள் வைக்கும் பக்கத்து ஜன்னல்களை அடைக்க வேண்டும். காலாவதியான ஏடிஎம் அட்டைகளை ஜன்னல் அளவுக்கு வெட்டிச் செருகினேன். முதல் துண்டு சின்னதாகி உள்ளே விழுந்துவிட்டது. இடுக்குகளில் ஆப்ப சோடாவைத் தூவி அதன்மேல் சூப்பர் க்ளூ சொட்டினால் கல்லாகிவிடும் என்று வீடியோவில் சொன்னது உண்மைதான். ஆனால் கல்லானதைத் தேய்த்துச் சமமாக்க உப்புத்தாளோடு நாள்கணக்கில் உட்காரவேண்டியிருந்தது. எனக்கு அது நல்லதாகவே பட்டது. கவுண்டரில் கேட்ட குரல்களெல்லாம் அந்தத் தேய்க்கிற சத்தத்தில் போய்விடும்.

வெளிப்பக்கம் ஒரு மாதிரி ஒழுங்கானது. உள்ளே என்ன வைப்பது என்பதில் நின்றுவிட்டேன். அந்த வெளிநாட்டுக்காரர் இரும்புக் கணப்பும் பீங்கான் தொட்டியும் வைத்திருந்தார். நம் ஆட்கள் எதில் சமைப்பார்கள்? எங்கே படுப்பார்கள்? ஈரத்துணியை எங்கே போடுவார்கள்? யோசித்துக்கொண்டே வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். பிறகுதான் உறைத்தது. இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் தெரிந்த ஒருவரைத்தான் நான் கட்டியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர், கப்பலும் படகும் வந்து அணையும் ஜெட்டிகளைப் பழுதுபார்க்கும் ஒரு கான்ட்ராக்டரிடம் வெல்டர். உப்புத் தண்ணீரில் அரித்துப்போன தூண்களுக்கு இரும்புத் தகடு ஒட்டுவது, படகு மோதுமிடத்து ரப்பர் தடுப்புகளை மாற்றுவது, இற்றுப்போன பலகையை எடுத்துப் புதிது போடுவது. ஒரு தீவில் முடிந்தால் அடுத்த தீவு. அந்த வருஷம் வடக்கே மாயாபந்தர் பக்கம். கூட்டமாகத்தான் போவார்கள், கூட்டமாகத்தான் தங்குவார்கள். அவர் தங்கும் இடத்துக்கு நான் போனதில்லை. பெண்கள் அங்கே போகிற வழக்கமும் இல்லை. வரும்போது ஒரு பை நிறைய துரு மணக்கும் துணிகள் வரும். எனக்குத் தெரிந்தது அந்தப் பை மட்டும்தான்.

போன் போட்டேன்.

"நீங்க எங்க படுப்பிய?"

"எங்க படுப்பேன்? ரூம்லதான்."

"ரூம்ல எங்க? கதவு எந்தப் பக்கம்? அடுப்பு எங்க இருக்கு?"

"என்ன, போலீஸ் கேசா?"

பெட்டியைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். "ஒனக்கு வேற சோலி இல்லையா?" என்றார். சாமான் வந்திருக்கிறது, இறக்கணும் என்று வைத்துவிட்டார்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை.

"அடுப்பக் கதவுகிட்ட வச்சிராத. காத்துல அணைஞ்சி போவும். மூலையில வை. அது மேல ஒரு தகரம் அடிக்கணும், இல்லன்னா கூரை கரியாவும்."

"தகரம் அடிக்கேன்."

"குடிதண்ணி டிரம் உள்ள இருக்கணும். வெளிய வச்சா பூரா கொசு."

அப்படித்தான் தொடங்கியது. நான் கவுண்டரை மூடிவிட்டு வந்த பிறகும் அவர்கள் வேலையை முடித்த பிறகும் உள்ள நேரத்தில், அங்கே நெட்வொர்க் கிடைத்த நாட்களில், போன் வரும். ஒருநாள் அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். அதன்பிறகு கூட்டம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. அவர்களுடைய பெங்காலி மேஸ்திரியை நான் எங்கள் ஊர் சாத்தம் ஜெட்டியில் பார்த்திருக்கிறேன், தலை நரைத்தவர், என்னை பாபி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார். சமைக்கிறவர் ராஞ்சிக்காரர். இன்னும் இரண்டு மலையாளிகள். அவர்களில் யாரும் தண்டவாளம் பழுது பார்த்தவர்கள் இல்லை. ஆனால் ஆண்கள் கூட்டமாக ஒரு கூரைக்குக் கீழே இருப்பதைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருந்தது. போன் சார்ஜ் போட எல்லாருக்கும் தனித்தனி பிளக் வேண்டும், இல்லாவிட்டால் அடிதடி என்றார் ஒருவர். பூட்ஸ் வைக்க இடம் கதவுக்கு வெளியே என்று இன்னொருவர். வெளியே வைத்தால் நண்டு ஏறும் என்று ராஞ்சிக்காரர் இந்தியில் கத்தினார். ரயிலில் நண்டு எப்படி ஏறும் என்று நான் கேட்டதற்கு, "பாபி, அந்தமான்ல ரயில் வந்தா நண்டும் வரும்" என்றார் மேஸ்திரி.

நான் ஒவ்வொன்றாகச் செய்தேன். பேனா ரீபிளை நறுக்கிப் புகைபோக்கி. ஊசி மருந்துக் குப்பியின் மூடி தண்ணீர் டிரம் ஆயிற்று. காயத்துக்குக் கட்டும் வலைத்துணியில் கொசுவலை. துணி தொங்கவிட, சுவருக்குச் சுவர் ஒரு தையல் நூல். கையில் வேலை இருந்தும் மனசு மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போதே அடுத்ததைக் கேட்கவேண்டும்போல் இருக்கும். போன் வராத நாட்களில் நடப்பேன்.

கடைசியாகத்தான் கட்டில்களுக்கு வந்தேன். தீக்குச்சியைக் காலாக வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அட்டையில் இரண்டடுக்குக் கட்டில். அன்று மழை. அவர்கள் தகரக் கூரையில் விழும் சத்தம் போனுக்குள் வந்துகொண்டிருந்தது.

"எத்தனை கட்டில் போடணும்?" என்று கேட்டேன்.

"அஞ்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆறு" என்றார் மேஸ்திரி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

மழை மட்டும் கேட்டது. அதுவரைக்கும் ஒருவர் பேசினால் நான்குபேர் குறுக்கே விழுந்துகொண்டிருந்தவர்கள்.

"அஞ்சு போதும்" என்றார் அவர் மறுபடி. குரல் வேறு மாதிரி இருந்தது. பிறகு லைன் போய்விட்டது. நெட்வொர்க் போயிருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

அடுத்த நாட்களில் நான் கூப்பிட்டால், ஆமாம், இல்லை, சாப்பிட்டேன் என்று மூன்று சொல்லோடு நிறுத்திக்கொண்டார். கட்டிலைப் பற்றிக் கேட்டால், "பொறவு பேசுவோம்." நான் ஐந்து கட்டில் செய்து வைத்தேன். இரண்டடுக்கில் ஒன்றுக்கு மேல்தட்டு இல்லாமல் மொட்டையாக நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வந்தது. ஆறாவதை ஒட்டினேன், பிய்த்தேன். பெட்டிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தேன். மழைக்காலத்தில் அடிக்கக்கூடாது என்று தெரிந்தும் அடித்தேன். காற்றில் இருந்த ஈரம் ஏறி, மஞ்சளின் மேல் வெள்ளையாகப் பால் படர்ந்ததுபோல் ஆகிவிட்டது. கவுண்டரில் ஒருவருக்குத் வடக்கே திகிலிப்பூருக்குப் பதிலாகத் தெற்கே ஹட்பேக்குக்கு டிக்கெட் அடித்துக் கொடுத்தேன். அவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் குடையை விரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மேஸ்திரி. தனியாக, ஸ்பீக்கர் இல்லாமல். அவருடைய தமிழ் பாதி இந்தி.

"பாபி, ஒரு விஷயம் சொல்றது, கோவிக்காதே. உன் ஆத்மி, உன் வீட்டுக்காரன், ராத்திரி தூங்கல. ஜெட்டி மேல நடக்குது, நடக்குது. இப்படிப் போறது, அப்படி வர்றது. நான் சொன்னேன், சுட்டி எடு, லீவு எடு, வீட்டுக்குப் போ. அவன் சொல்றது, காம் இருக்கு, வேலை இருக்கு."

"எப்ப இருந்து?"

"அந்தப் பையன் விழுந்ததுல இருந்து."

எந்தப் பையன் என்று எனக்குத் தெரியாது. குடையை மடக்கி மழையில் நின்றுகொண்டே கேட்டேன். அவர் சொன்னார். கூட்டத்தில் ஆறாவதாக ஒரு தெலுங்கு இளைஞன் இருந்திருக்கிறான். ஈரப்பலகையில் கால் வழுக்கி, வேலை செய்யும் மிதவைக்கும் தூணுக்கும் நடுவில் தண்ணீரில் விழுந்துவிட்டான். அலை மிதவையைத் தூணோடு தள்ளிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர்தான் அவன் பின்னாலேயே குதித்தவர். மற்றவர்கள் கயிறு போட்டு மிதவையை இழுத்துப் பிடிக்கும்வரை தண்ணீருக்கடியில் அவனைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். பையனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

"பையன் டீக், நல்லா இருக்குது. அங்கே வீட்ல சாப்பிடுது, தூங்குது" என்றார் மேஸ்திரி. "உன் ஆத்மிதான் இன்னும் தண்ணிக்குள்ளே இருக்குது, பாபி."

அன்று நான் வீட்டுக்கு நடந்தே போனேன். முதலில் வந்தது கோபம். அதன்பிறகு அவர் வந்துபோன நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். போன தடவை வந்தபோது ஹாலில் தரையில் படுத்தார். புழுக்கமாக இருக்கிறது என்றார். எனக்கும் புழுக்கமாகத்தான் இருந்தது, நம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை லீவு கேட்டேன். கப்பல்கள் ரத்தாகி ஊரே கவுண்டரில் நிற்கும்போதா என்று மேலதிகாரி கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பக்கத்துக் கவுண்டர் தெலுங்குக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ போ, உன் பங்குத் திட்டையும் நானே வாங்கிக்கிறேன்" என்று இந்தியில் சொன்னாள். மேலதிகாரி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

அன்று ராத்திரி ஆறாவது கட்டிலை மறுபடி ஒட்டினேன். மாயாபந்தர் பஸ் விடிவதற்குள் கிளம்பிவிடும். ரயில் பெட்டியை ஒரு கேக் டப்பாவில் வைத்து, சுற்றிலும் துண்டைத் திணித்து மடியில் வைத்துக்கொண்டேன். வெள்ளை படர்ந்த மஞ்சளோடு, பாதி முடிந்த நிலையிலேயே. வேறு எதைச் சொல்லி அங்கே போய் நிற்பது? தூங்கவில்லையாமே என்று கேட்டுக்கொண்டு போய் ஐந்து ஆண்களுக்கு முன்னால் நிற்க முடியாது. பெட்டியைப் பார்க்கவேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், கொண்டுவந்தேன். அது ஒரு காரணம்.

காட்டுப் பாதை தொடங்கும் ஜிர்காட்டாங் கேட்டில் வண்டிகள் எல்லாம் சேர்ந்து வரிசையாகப் போவதற்காக நிறுத்திவைத்தார்கள். மற்றவர்கள் இறங்கி வடையும் டீயும் சாப்பிட்டார்கள். நான் பஸ்ஸைச் சுற்றி நடந்தேன். காட்டுக்குள் போகும்போது இரண்டு பக்கமும் மரம் மரமாக ஓடியது, நான் எதையும் பார்க்கவில்லை. நீர்ச்சந்தியில் பஸ்ஸை மிதவைப் படகில் ஏற்றினார்கள். படகு கரையில் இடித்து நின்றபோது அந்த இரும்புச் சத்தத்தில் எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. பக்கத்தில் இருந்த பெரியம்மா என் மடியில் இருந்த டப்பாவைப் பார்த்து, "யாருக்கு பர்த்டே?" என்று கேட்டாள். வீட்டுக்காரருக்கு என்றேன்.

அவர்கள் தங்கியிருந்த கொட்டகை ஜெட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளி, மண்மேட்டை ஒட்டி இருந்தது. அவர் கீழே மிதவையில் வேலையாக இருந்தார். வெல்டிங் வெளிச்சம் தூண்களுக்கு நடுவில் விட்டு விட்டு மின்னியது. ராஞ்சிக்காரர் என்னைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கயிற்றில் கிடந்த துணிகளை அள்ளினார். பிறகு டீ போட்டார். நான் உள்ளே பார்த்தேன். அடுப்பு மூலையில் இருந்தது, மேலே கரி பிடித்த தகரம். தண்ணீர் டிரம் உள்ளே. எல்லாம் போனில் என் வீட்டுக்காரர் சொன்னபடியே. கட்டில்களும் ஆறு இருந்தன. ஒன்றில் மட்டும் மெத்தை சுருட்டி, அதன்மேல் கயிறும் பெயின்ட் டப்பாக்களும் குவித்திருந்தார்கள். அதற்கு நேர் எதிர்க்கட்டில் அவருடையது என்று அவர் லுங்கியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அவர் மேலே ஏறி வந்து என்னைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றாமலே நின்றார்.

"நீ என்னத்துக்கு வந்த? மகளுக்கு ஏதும்...?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. இவிய பெட்டி பாக்கணும்னு கேட்டாவல்லா. கொண்டாந்தேன்."

மேஸ்திரி தரையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்தார். பிறகு என்னிடமிருந்து டப்பாவை வாங்கினார். ஜெட்டியின் ஓரத்தில் கவிழ்த்திருந்த ஒரு பழைய படகின்மேல் நாங்கள் இரண்டுபேரும் உட்கார்ந்தோம். மற்றவர்கள் அந்தப் பக்கம் வரவில்லை. அவர் துண்டை விலக்கி, பெட்டியின் கூரையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். கொசுவலையைத் தொட்டார். டிரம்மைத் தொட்டார்.

"ஆறு போட்டுட்டியோ" என்றார்.

"போட்டேன். எடம் இருந்துச்சி."

கூரையைப் பக்கத்தில் வைத்துவிட்டு மேல்தட்டில் ஒரு விரலை வைத்தார். நான் எழுந்து நடக்கவேண்டும்போல் இருந்ததை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சட்டையப் புடிச்சிட்டேன்" என்றார். "கண்ணு ஒண்ணும் தெரியல, பூரா சேறு. கையில சட்டை இருக்கு. உள்ள ஆளு இருக்கானா, வெறுஞ்சட்டையான்னு தெரியல. விடவும் முடியல, மேல வரவும் முடியல. மேல மிதவை. தலை முட்டுது. மேல கொண்டாந்து போட்ட பொறவுதான் ஆளு இருக்கான்னு தெரிஞ்சிது."

"ஆளு இருந்தானே."

"இருந்தான். அது எனக்குத் தெரியுது. படுத்தா தெரிய மாட்டேங்குது. கூரை எறங்குது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ அங்க சும்மா இருப்பியா? நடந்துக்கிட்டே கெடப்ப."

"நடந்துக்கிட்டுதான் கெடந்தேன்" என்றேன்.

அவர் என் கையைப் பிடிக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையில் ஒட்டியிருந்த கரியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பையனோடு பேசினீர்களா என்று பிறகு கேட்டேன். இல்லை என்றார். என்ன பேசுவது? அவன் போகும்போதுகூட இவர் தூணுக்குக் கீழேயே வேலையாக இருந்துகொண்டாராம்.

நான் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவரிடம் நம்பர் இருந்தது. ஜெட்டியின் நடுவில் சிக்னல் கொஞ்சம் கிடைக்கும். எல்லாரும் அங்கே போனோம். வீடியோவில் அந்தப் பையன் வந்தான். ஏதோ ஒரு தின்பண்டத்தை மென்றுகொண்டிருந்தான், தோளில் பட்டை, மடியில் ஒரு பூனை. என் வீட்டுக்காரரைப் பார்த்ததும், "அண்ணா!" என்றான். அவர் கையில் இருந்த ரயில் பெட்டியைத்தான் போனுக்கு முன்னால் நீட்டினார், ஏதோ அதற்காகவே கூப்பிட்டதுபோல.

மேஸ்திரி இந்தியில் விளக்கினார். இதுதான் நம்ம ரூம், பாபி செய்தது, இது அடுப்பு, இது உன் கட்டில். பையன் போனைக் கண்ணருகே வைத்துப் பார்த்தான். மேல்தட்டில் ஆறாவது கட்டிலைக் கண்டுபிடித்துவிட்டான்.

"மேல்கட்டிலா?" என்று இந்தியில் கத்தினான். "தோள் உடைஞ்சவன் எப்படி மேல ஏறுவான்? அண்ணாவை மேல போடுங்க. எனக்குக் கீழ்க்கட்டில்!"

ராஞ்சிக்காரர்தான் முதலில் சிரித்தார். என் வீட்டுக்காரருக்கு அது கொஞ்சம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரும்பி வருவாயா என்று அவர் கேட்டார். தெரியாது, இங்கே மாமாவின் ஆட்டோ ஓட்டலாம் என்று யோசிக்கிறேன் என்றான் பையன். வராவிட்டாலும் கட்டிலை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்றான்.

அந்த வாரம் அவர் என்னோடு கிளம்பவில்லை. கையில் எடுத்த தூணை முடித்துவிட்டுத்தான் வந்தார். டாக்டரிடம் போனோம். உடம்பு பயப்பட்டிருக்கிறது, அதற்கு நேரம் எடுக்கும் என்று அந்த அம்மா சொன்னார், மாத்திரை எழுதிக் கொடுத்தார், பேச வரச் சொன்னார். என் வீட்டுக்காரர் இரண்டு முறை போனார், மூன்றாம் முறை போகமாட்டேன் என்றார், நான் விடவில்லை. ஹாலில், வாசல் கதவைத் திறந்துபோட்டு அதன் பக்கத்தில் படுத்தார். சில நாள் தூங்கினார். சில நாள் இரண்டுபேரும் நடந்தோம், ஒரே வீட்டுக்குள் எதிரெதிராக, அடுப்படியில் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு.

பகலில் பெட்டியை அவர் எடுத்துக்கொண்டார். என் மஞ்சளைப் பார்த்து, "மழையில எவளாவது பெயின்ட் அடிப்பாளா?" என்றார். முழுவதையும் சுரண்டிவிட்டு, ஜெட்டி இரும்புக்கு அடிக்கிற செம்மண் நிற ப்ரைமரை மெலிதாகக் கரைத்து அடித்தார். துணி பூஞ்சை பிடிக்காமலிருக்க நாங்கள் அலமாரிக்குள் ஒரு பல்பு எரியவிடுவது வழக்கம். அதற்குப் பக்கத்தில் பெட்டியைக் காயவைத்தார். என் சேலைகளில் ஒரு மாதம் ப்ரைமர் வாடை. உடைந்த கொக்கிக்கு என் ஹேர்பின்னை வளைத்தார். ஓடவிட்டபோது பெட்டி வளைவில் கவிழ்ந்தது, எடை போதவில்லை. என் அண்ணன் மீன்பிடி வலையில் கட்டும் ஈயக்குண்டுகள் கொஞ்சம் வாங்கி வந்து, கட்டில்களுக்கு அடியில் ஒட்டினோம். பிறகு கவிழவில்லை. கட்டில் எதையும் கீழே மேலே மாற்றவில்லை. அதற்கு எல்லாவற்றையும் பிய்க்கவேண்டும் என்றார்.

தூக்கம் முழுக்கத் திரும்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் மழை பெரிதாகப் பிடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஆனால் வேலைக்குத் திரும்பப் போகிறேன் என்று அவராகவே ஒருநாள் சொன்னார். பட்டறையில் கரை வேலை கேட்டுப் பார்க்கலாமே என்றேன். கேட்டுப் பார்த்தேன், அங்கே கூரை ரொம்பத் தாழ்வு என்றார். அது உண்மையா, சாக்கா என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர் போன நாள் நான் சாத்தம் வரைக்கும் கூடப் போனேன். கான்ட்ராக்டரின் ஜீப் சாமான்களோடு, எதிர்க்கரையில் இருக்கும் பம்பூஃபிளாட்டுக்கு வண்டிகளை ஏற்றிப் போகும் படகில் ஏறியது. அவர் ஜீப்புக்குள் உட்காராமல் வெளியே வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படகு விலகியது. ஏதோ சொன்னார். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. நான் கையைக் காட்டிவிட்டு, சாத்தத்தை ஊரோடு சேர்க்கும் பாலத்தில் திரும்பி நடக்கத் தொடங்கியபோது போன் அடித்தது.

"என்ன சொன்னிய?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. டியூட்டிக்கு நேரமாச்சேன்னு சொன்னேன். பஸ் ஏறிட்டியா?"

"இல்ல. பாலத்துலதான் நிக்கேன்."

"இன்னுமா?"

"நீங்க எங்க நிக்கிய?"

"வெளியதான். காத்து நல்லா இருக்கு."

படகு பாதித் தூரம் போயிருந்தது. வைக்கட்டுமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே பாலத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன்.